மேற்கே பனியன், கிழக்கே கிணறு

அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊருக்குப் போகும்போதெல்லாம் திருப்பூரிலிருந்து குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு போவோம். முதலில் எண்ணெய் டின், பிறகு பிளாஸ்டிக் குடம், அதற்கும் பிறகு இருபது லிட்டர் கேன். அந்த வருஷங்கள் எனக்கு இந்த வரிசையில்தான் நினைவிருக்கின்றன. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அம்மாயியின் தோட்டம். கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எருமை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடக்கும் ஊரிலிருந்து ஆற்றங்கரை ஊருக்குத் தண்ணீர் சுமந்து போன பிள்ளைகள் நானும் தம்பியும்.

அப்பாவுக்கு அப்போது திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் ஜாப் ஒர்க் யூனிட். கட்டிங் முடிந்து வரும் துணியைத் தைத்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை தீர்ந்தது. சாயம் எங்களுடையது இல்லை. ஆனால் சாயம் போட்ட துணி வந்தால்தான் சனிக்கிழமை சம்பளம் போட முடியும். அம்மா இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தாள். நானும் அங்கேதான் இருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

நான் இப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கும் வேலை. சில வாரங்களுக்கு முன் கம்பெனி சார்பில் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். கொங்குப் பகுதிக்கான புத்தாக்கக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். வந்தவர் நன்றாகவே பேசினார். புதுமை தனி மனிதரின் மூளையில் பிறப்பதில்லை, தொழில்காரர்களின் தொடர்புகளில் பிறக்கிறது. அந்தத் தொடர்புகள் ஒரு இடத்தில் வேர் பிடித்திருக்கின்றன. ஆகவே சென்னையில் எழுதும் ஒரே திட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்றார். எல்லாம் சரி. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை மனசு அடங்கவில்லை. யாருடைய தொடர்பு? இடம் என்றால் எதுவரைக்கும்? இந்த இரண்டையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது நான் கண்ணால் பார்த்தது.

அப்பாவின் யூனிட்டுக்கு முதல்முறை லைக்ரா கலந்த துணி வந்தபோது, தைத்த இடமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது. இழுத்தால் ஓட்டை வரிசையாகப் பிரிந்துகொண்டே போனது. கொடுத்த பார்ட்டியிடம் சொன்னால் வேலையே போய்விடும். அப்பா இரண்டு பீஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முக்கில் இருந்த பேக்கரிக்குப் போனார். எங்கள் ஊரில் டீ, செய்தி, கடன், பெண் பார்ப்பது, மெஷின் விற்பது எல்லாம் பேக்கரியில்தான். அங்கே இருந்த இன்னொரு யூனிட்காரர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கூர் ஊசியிலயா ஓட்டுனீங்க? பால் பாயிண்ட் ஊசி போடுங்க, மெஷின் வேகத்தக் கொஞ்சம் கொறைங்க” என்றார். அவர் அப்பாவுக்குப் போட்டியாளர்தான், ஒரே பார்ட்டியிடம் வேலை வாங்கியவர். சொன்னதற்குக் காசு வாங்கவில்லை. மறு மாதம் அவருக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தபோது எங்கள் டெய்லர்கள் நான்கு பேர் இரவு அவருடைய யூனிட்டில் உட்கார்ந்தார்கள்.

எந்த ஆராய்ச்சிக் கூடமும் அப்பாவுக்கு இப்படி வந்து சொல்லியிருக்காது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒரு சட்டை எட்டுப் பத்துக் கைகளைத் தாண்டி வரும் ஊர் இது. ஒரு கையில் தவறு நடந்தால் அடுத்த கைக்கு உடனே தெரியும். அதனால் கற்றுக்கொள்வதும் வேகமாக நடந்தது. இந்த ஊர் இன்றைக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறதென்றால் அதற்குக் கீழே இப்படி ஆயிரக்கணக்கான பேக்கரிப் பேச்சுகள் இருக்கின்றன.

இந்தத் தொழில் ஏன் இங்கே வந்தது என்று கேட்டால் மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழை குறைந்த நாடு. கிணறு வெட்டி, கமலை இறைத்து, பருத்தி போட்டுப் பிழைத்தவர்கள். பருத்திச் சந்தை கூடிய ஊரில் 1860-களில் வந்த ரயில் பாதை இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் அறுந்து போகாமல் பார்த்துக்கொண்டது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து, அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கியதும் மில்கள் வரிசையாக எழுந்தன. வயலில் இருந்து வந்த பணம், உறவுக்காரர்களின் சீட்டுப் பணம், வேலை தெரிந்த கை எல்லாம் இங்கேயே சுற்றின.

கோவையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மில் மெஷினைப் பழுது பார்த்தவர்கள் பட்டறை வைத்தார்கள். பட்டறைக்காரர்கள் மோட்டார் செய்யத் துணிந்தார்கள். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் செய்த மோட்டார்தான் இந்தியாவில் முழுக்க இங்கேயே தயாரான முதல் மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். கிணறு ஆழமாக ஆழமாக விவசாயிக்கு பம்ப் தேவைப்பட்டது, அந்தத் தேவை பட்டறையிலிருந்து சைக்கிள் போய் வரும் தூரத்தில் இருந்தது. நான்கு சகோதரர்கள் சொத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு என்று ஒதுக்கி 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை பின்னால் தொழில்நுட்பக் கல்லூரி நடத்தியது. 1956-ல் மில்களுக்காக சிட்ரா ஆராய்ச்சிக் கூடம் வந்தது. பம்ப் செய்பவர்கள் சங்கமாகக் கூடி, தங்கள் மோட்டாரைச் சோதித்துப் பார்க்க சிடார்க் என்ற பரிசோதனைக் கூடத்தை உருவாக்கினார்கள். சிறு தொழில்காரர்கள் 1969-ல் கொடிசியா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இவற்றில் பலவற்றிலும் சங்கம்தான் முன்னால் போனது. அரசு பின்னால் வந்து தோள் கொடுத்தது, சில நேரம் நிதியாக, சில நேரம் நிலமாக.

காற்றாலையும் இதே கதைதான். கணவாய்க் காற்று பல்லடத்திலும் உடுமலைப்பேட்டையிலும் அடிக்கிறது, ஆரல்வாய்மொழியில் வேறொரு கணவாய். மில் முதலாளிகளுக்கு மின்சாரம் வேண்டும், வருமான வரியில் தேய்மானச் சலுகை கிடைக்கிறது. காற்றடிக்கும் மாதத்தில் உற்பத்தியாவதை மின்வாரியத்திடம் இருப்பு வைத்து, அடங்கிய மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சங்கங்கள் விடாமல் வாதாடிக் காத்தன. நாட்டிலேயே காற்றாலையில் தமிழ்நாடு முன்னால் நின்றதற்குக் கொள்கை ஒரு காரணம். ஆனால் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு கூட்டமும், அதைப் பயன்படுத்த ஒரு காற்றும் இங்கே முன்பே இருந்தன.

ஆகவே கூட்டத்தில் பேசியவரோடு எனக்குச் சண்டை இல்லை. இடமும் தொடர்பும் கொள்கையை வடிவமைக்கின்றன. என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு வருவதில்.

பனியன் வெள்ளையாக இருந்தவரை நொய்யலுக்கு வந்த கெடுதல் குறைவு. வெளுப்பதற்கு பிளீச்சிங் போதும். 1978-ல் இத்தாலி வியாபாரி ஒருவர் மும்பை வழியாக இந்த ஊருக்கு வந்து வெள்ளை டீ-சர்ட் கேட்டார் என்று ஊரில் சொல்வார்கள். எண்பதுகளில் ஐரோப்பியக் கடைகள் நேராக வர ஆரம்பித்தன. அவர்களுக்கு வண்ணம் வேண்டும். பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும், கிலோ கணக்கில். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், மிச்சச் சாயமும் உப்பும் தண்ணீரோடு வெளியே போகும். நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு வடிக்கலாம், உப்பு அதற்கெல்லாம் மசியாது. சாயப்பட்டறைகள் பெருகின. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு, பாதி வழியிலேயே ஒவ்வொரு நாளும் வேறு நிறத்தில் ஓடியது. 1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் அந்த அணை சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வேறு எங்கும் வந்திருக்குமா தெரியவில்லை. எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், அந்த விவசாயிகள் கூட்டங்களுக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

இதில்தான் என் கேள்வி இருக்கிறது. ஊசியை மாற்றச் சொன்ன அதே தொடர்பு, உப்பைப் பற்றி ஏன் பேசவில்லை? பேக்கரியில் யாருக்கும் தெரியாமல் இல்லை. மழை நாளில் கழிவைப் பள்ளத்தில் திறந்துவிட்டால் தெரியாது என்பதும் அதே பேக்கரியில் கைமாறிய செய்திதான். நல்ல வழி எவ்வளவு வேகத்தில் பரவியதோ அதே வேகத்தில் குறுக்கு வழியும் பரவியது. மாமா அந்த பேக்கரிக்கு வந்து உட்காரும் ஆள் இல்லை. அவருடைய கிணறு எங்கள் ஊர்த் தொழிலின் ஒரு பகுதி என்று யாருக்கும், அப்பாவுக்கும்கூட, தோன்றவில்லை.

கீழ்க்கரைக்காரர்களுக்கும் ஒரு தொடர்பு இருந்தது: வாய்க்கால் சங்கம், ஆயக்கட்டுச் சங்கம். தொழில் சங்கங்களுக்கு அமைச்சரைப் பார்க்கும் வழி தெரியும். இவர்களுக்குத் தெரிந்தது நீதிமன்றம். கரூர்ப் பக்கத்து விவசாயிகள் 1996-லேயே வழக்குப் போட்டார்கள். 2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் வர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காலக்கெடுகள் தள்ளிப் போயின. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின.

அடுத்த வாரமே எங்கள் யூனிட்டுக்குத் துணி வரவில்லை. டெய்லர்கள் வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி அக்கா ஒருத்தி முன்பணம் கேட்டு நின்றபோது அப்பா பீரோ சாவியைத் தேடுவதுபோல உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை. அந்த இரவு மாமாவிடமிருந்து போன் வந்தது. வெற்றி என்று அவர் பேசவில்லை. “மச்சான், சோத்துக்கு வழி இருக்குதுங்களா? நெல்லு மூட்ட ரண்டு அனுப்பட்டுங்களா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல முடியாமல் போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நெல் எங்கே விளைந்தது என்று எனக்குத் தெரியும். ஆற்றை விட்டு வெகுதூரத்தில், குத்தகைக்கு எடுத்த வயலில்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இந்த ஊரின் உண்மையான புத்தாக்கம் என்று நினைக்கிறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முன்பே இருந்தன. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கும் கொதிகலன் வரிசை எல்லாம் போட்டிருந்தார்கள். மிச்சத்தை முழுக்கக் காய்ச்ச ஆகும் விறகுச் செலவும் மின்செலவும்தான் எல்லோரையும் முடக்கியது. அந்த நெருக்கடியில் அருள்புரம் நிலையத்தில் வேறொரு வழியைச் சோதித்தார்கள்: உப்புநீரைக் காய்ச்சாமல், நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, அப்படியே மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவது. உப்பு வாங்கும் காசும் மிச்சம், காய்ச்சும் காசும் மிச்சம். சாயக்காரர்களுக்கு முதலில் பயம், ஷேடு மாறிவிட்டால் பையர் மொத்தத்தையும் திருப்பிவிடுவானே என்று. ஒருவர் சின்ன லாட் போட்டுப் பார்த்தார், பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார், அவர் போய் அடுத்தவரிடம் சொன்னார். நான் அந்தச் சமயத்தில் புது மெர்ச்சண்டைசர். அங்கே சாயமிட்ட துணியின் லேப் டிப்பை, அதாவது நிறம் பார்க்கும் சாம்பிளை, அனுப்பிவிட்டு, பையரின் ஒப்புதல் மெயில் வரும்வரை மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். மாநில அரசு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மெல்ல மெல்லப் பட்டறைகள் திறந்தன. இத்தனை பெரிய சாயத்தொழில் கழிவை வெளியே விடாமல் இயங்குவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இந்தப் புதுமை எந்தக் கொள்கை அறிக்கையிலும் பிறக்கவில்லை. தொடர்புக்கு வெளியே நின்றவர்கள் வழக்குப் போட்டதால் பிறந்தது. பிறந்த பிறகு அதைப் பரப்பியது பழைய தொடர்புதான். எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் தெரிகின்றன. ஆனால் கூட்டங்களில் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்து வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். அந்த வருஷங்களில் மூடிய சிறு பட்டறைகளைப் பற்றியும், ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆற்றோரங்களில் முளைத்த திருட்டுப் பட்டறைகளைப் பற்றியும் பேச்சே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கமும் மாநில அரசு நிறுவனமும் நிதி நிறுவனமும் சேர்ந்து, 1995-ல் ஒரு கம்பெனி தொடங்கி, காவிரிப் படுகையிலிருந்து நாளுக்கு 185 மில்லியன் லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் போட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். தனியார் பங்கோடு இப்படி ஒரு தண்ணீர்த் திட்டம் நாட்டுக்கே புதிது. அதைக் கொண்டுவந்த தொடர்பின் பலத்தை நான் மதிக்கிறேன், எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததும் அதன் பிறகுதான். ஆனால் தண்ணீர் வந்து சேர்ந்த சமயத்தில்தான் பட்டறைகள் தங்கள் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய உத்தரவும் வந்தது. எதிர்பார்த்த அளவு தண்ணீர் விற்கவில்லை, கம்பெனி கடனில் தத்தளித்தது. தண்ணீர் உள்ளே வருவதைத் திட்டமிட்டவர்களும், தண்ணீர் வெளியே போவதால் பாதிக்கப்பட்டவர்களும் 1995-ல் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் குழாயின் அளவே வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அறைக்குள் இல்லாதவர்கள் கீழ்க்கரைக்காரர்கள் மட்டுமில்லை. 1999-ல் மத்திய அரசு கொண்டுவந்த டஃப் லோன், ஜவுளித் தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்கும் கடன் திட்டம், புது மெஷினுக்கு வட்டி விகிதத்தில் 5 சதவீதப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தது. அப்பா போய்க் கேட்டார். வாடகைக் கட்டடம், பில் இல்லாத பழைய மெஷின்கள், மூன்று வருஷக் கணக்கு இல்லை. வங்கியில் விண்ணப்பத்தைக்கூட வாங்கவில்லை. ஒரே தொழில் கூடிய ஊர்களுக்கான கிளஸ்டர் திட்டத்தில் பொது வசதி மையம் வைக்கத் தொழில்காரர்கள் தனி நிறுவனம் தொடங்கிப் பங்குத்தொகை கட்ட வேண்டும். கட்டக்கூடியவர்களே உறுப்பினர். டெய்லர்களுக்கு அங்கே இடமே இல்லை. இன்றைக்கு எங்கள் கம்பெனியின் தையல் வரிசையில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள். ஊசி ஓட்டையை முதலில் பார்ப்பது அவர்கள்தான். அவர்கள் விடுதிக்கும் முதலாளிகளின் பேக்கரிக்கும் நடுவில் பேச்சில்லை. அப்பாவுக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்த பதில் இப்போது மூன்று நாள் கழித்து, ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டாக என் மேஜைக்கு வருகிறது.

கூட்டத்தில் மேடைத் திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். தொழிற்சாலைகள் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். புள்ளிகள் நெருங்கிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஆறு அந்த வரைபடத்தில் இல்லை. அம்மாயி ஊர் வட்டத்துக்கு வெளியே இருந்தது.

போன ஞாயிறு மாமாவை ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். தெரிந்த இன்ஜினியர் ஒருவர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தொட்டி தொட்டியாக நின்று பார்த்தார். கருநீலமாக உள்ளே வந்த தண்ணீர் கடைசிக் குழாயில் கண்ணாடி மாதிரி விழுவதைப் பார்த்ததும் கையை நீட்டி ஏந்தினார், முகத்தில் தெளித்துக்கொண்டார். உப்பு பிரிந்து விழும் இடத்தில் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நசுக்கினார்.

“இதுதானுங்களா நம்ம கெணத்துல கெடந்தது?”

“இதேதானுங்க” என்றார் இன்ஜினியர். பிறகு பெருமையோடு எவ்வளவு உப்பு திரும்பக் கிடைக்கிறது, எவ்வளவு பட்டறைகளுக்கே போகிறது என்று விளக்கினார். மாமா முழுக்கக் கேட்டுக்கொண்டார். கொட்டகை ஓரத்தில் மூட்டை மூட்டையாக அழுக்கு நிறத்தில் அடுக்கியிருந்ததைக் காட்டி, அது என்ன என்றார். எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு, மிக்ஸ்டு சால்ட், வெளியே அனுப்ப வழி வரும்வரை இங்கேதான் இருக்கும் என்றார் இன்ஜினியர்.

மாமா கொட்டகையின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார்.

“அம்மிணி, ஐப்பசி மழ சாஞ்சு அடிச்சா இந்த மூட்டையெல்லாம் எங்க போவுமுன்னு கேளு.”

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.